சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே: செலவு கையைக் கடிக்காமல் போய்வருவது எப்படி?

சிறுநடை:

4 வயது, ஒன்றரை வயது என இரண்டு பிள்ளைகள். சொந்த வண்டி கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான். லீவு நாளில் வெளியே கூட்டிப் போகணும், ஆனா ஒவ்வொரு தடவையும் பர்ஸ் காலியாகக் கூடாது. "பூங்காவுக்குப் போங்க, கடற்கரைக்குப் போங்க" என்ற பதில் எல்லா இடத்திலும் கிடைக்குது. அதுக்கு அடுத்த கட்டம்தான் எனக்கு வேணும்: எத்தனை மணிக்குக் கிளம்பணும், பையில என்ன இருக்கணும், காசு எங்கே வீணாகுது, எங்கே கவனமா இருக்கணும். தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

நிழல்மரம்:

இடத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். மணிக்கணக்கை முதலில் போடுங்கள், இடம் அதற்குள் அடங்கட்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 15 முதல் 18 மாதத்துக்குள் பகலில் இரண்டு தூக்கம் என்பது ஒன்றாகக் குறைந்து, மதியத்துக்கு நகர்ந்துவிடும். 1 முதல் 2 வயது வரை நாளொன்றுக்கு 11–14 மணி நேரம், 3 முதல் 5 வயது வரை 10–13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். மதியத் தூக்கத்தைப் பறித்துவிட்டு எவ்வளவு அழகான இடத்துக்குப் போனாலும் பலன் இல்லை. அழுகை, அடம், அதைச் சமாளிக்க வாங்கித் தரும் பொருள்கள் என்று செலவும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம். சின்னவர் 7 மணிக்கு எழுந்து 12.30-க்குத் தூங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். பயணம் அரை மணி என்றால் 11.30-க்கு வண்டி ஏற வேண்டும். கழிப்பறை, செருப்பு, சாமான் எடுத்து வைப்பது எல்லாவற்றுக்கும் 20 நிமிடம் பிடிக்கும், ஆகவே 11.10-க்கே புறப்பாட்டைத் தொடங்க வேண்டும். காலை 8.30-க்கு வீட்டைப் பூட்டினால் 9-க்குப் போய்ச் சேரலாம். கையில் நிற்பது 2 மணி 10 நிமிடம், அவ்வளவுதான். ஒருவழிப் பயணம் ஒன்றேகால் மணி நேரம் என்றால் அந்த 2 மணி நேரத்தில் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கரைந்துவிடும். அதனால்தான் இந்த வயதுக்குத் தொலைவில் இருக்கும் பெரிய இடத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் சிறிய இடம் மேல்.

நடைப் பயணமாக இருந்தால் தூரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். போகும்போது குழந்தை ஒவ்வொரு கல்லையும் எறும்பையும் நின்று பார்க்கும். திரும்பும்போது களைப்பில் அதைவிட மெதுவாக நடக்கும், அல்லது தூக்கச் சொல்லும். இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே திரும்பிவிடுங்கள். பாதியில் திரும்பினால் கடைசிக் கால்வாசி தூரம் பிள்ளை உங்கள் தோளில்தான்.

கணக்குப்பேனா:

நிழல்மரம் சொன்ன 2 மணி நேரத்தை வைத்தே பணக் கணக்கையும் போடலாம். முழு நாள் சீட்டு வாங்கி 2 மணி நேரம் மட்டும் இருந்தால் மீதி நேரத்துக்குக் கொடுத்த காசு வீண். "காசு கொடுத்தாச்சே, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இழுத்தால் தூக்கமும் போகும், மூன்று மணிக்கு மேல் சாப்பாட்டுச் செலவும் சேரும். ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டணத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

சீட்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

இலவச வயது வரம்பு. சில இடங்களில் வயது, சில இடங்களில் உயரம். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்று வரும் குடும்பச் சீட்டு மலிவு போலத் தெரியும். ஆனால் உங்கள் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எப்படியும் இலவசம் என்றால், தனித்தனியாக வாங்குவது குறைவாக வரலாம். இரண்டு வழியிலும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசி நேரச் சலுகை. மூடுவதற்கு 2 மணி நேரம் முன் கட்டணம் குறைக்கும் இடங்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது போதாது, உங்களுக்கு அதுவே முழு நாள். மதியத் தூக்கம் முடிந்து 3.30-க்குப் போய் 5.30-க்குத் திரும்பலாம்.

இலவச நாள்கள். பல அருங்காட்சியகங்கள் மாதத்தில் ஒரு நாளோ வாரத்தில் ஒரு மாலையோ இலவசமாகத் திறக்கின்றன. 1977 முதல் மே 18-ஐ ஒட்டி சர்வதேச அருங்காட்சியக நாள் நடக்கிறது, அன்றைக்குக் கட்டணம் வாங்காத இடங்களும் உண்டு. ஆனால் அன்று கூட்டமும் அதிகம். தள்ளுவண்டியோடு போவதாக இருந்தால் திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடுங்கள்.

உள்ளே போனபின் வரும் செலவுகளை (ராட்டினம், பொம்மை, பலூன்) வீட்டிலேயே பேசி முடியுங்கள். 4 வயதுக்கு "இன்னிக்கு ஒரே ஒரு ராட்டினம், எதுன்னு நீதான் சொல்லணும்" என்றால் புரியும். பொம்மைக் கடை பெரும்பாலும் வெளியேறும் வழியில்தான் இருக்கும். வேறு வாசல் உண்டா என்று உள்ளே போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்குடை:

ஆண்டுச் சந்தா பற்றி யாரும் பேசலையே? விலங்குக் காட்சிசாலை, அறிவியல் மையம் எல்லாத்துலயும் இருக்கு. மூணு தடவை போனாலே போட்ட காசு வந்துடுமே.

கணக்குப்பேனா:

வரலாம், வராமலும் போகலாம். சந்தாத் தொகையை ஒரு நாள் சீட்டுகளின் மொத்தத் தொகையால் வகுங்கள். 3.2 வந்தால் நான்காவது முறையில்தான் லாபம் தொடங்கும். அடுத்து, சந்தா செல்லாத நாள்கள் என்னென்ன என்று பாருங்கள். விடுமுறை நாள்களில் மட்டும்தான் உங்களால் போக முடியும், அந்த நாள்களில்தான் சந்தா செல்லாது என்றால் அது உங்களுக்கானது இல்லை. போக்குவரத்துச் செலவையும் நான்கால் பெருக்குங்கள். வாங்குவதாக முடிவு செய்தால் மழையோ கொடும் வெயிலோ தொடங்கும் மாதத்தில் வாங்காதீர்கள், முதல் இரண்டு மாதம் சும்மா கிடக்கும்.

நிழல்மரம்:

கணக்கு சரி, ஆனால் சந்தாவுக்குப் பணத்தில் வராத ஒரு லாபம் உண்டு. சந்தா இருந்தால் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்ப மனம் வரும். யானையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அடுத்த முறை பறவை மட்டும். இந்த வயதில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பதைவிட ஒன்றை நின்று பார்ப்பதுதான் பிள்ளைக்கு மனதில் நிற்கும். பக்கத்தில், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய இடமாக இருந்தால் மட்டும் சந்தா எடுங்கள்.

சிறுநடை:

இது நல்லா புரிஞ்சுது, நன்றி. அடுத்தது சாப்பாடு. வெளியே வாங்கினாத்தான் செலவு எகிறுது. எடுத்துப் போனா கெட்டுப்போயிடுமோன்னு பயம்.

தூக்குவாளி:

பயப்படாதீங்க, இதுல ரெண்டு எண் ஞாபகம் இருந்தா போதும். சமைச்ச சாப்பாடு, பால், முட்டை, இறைச்சி, வெட்டின பழம் எதுவானாலும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருந்தா கிருமி வேகமாப் பெருகும். அந்த வெப்பநிலையில 2 மணி நேரத்துக்கு மேல இருந்ததைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. வெளியே 32 டிகிரிக்கு மேல அடிச்சா 1 மணி நேரம்தான் கெடு. சமைச்ச அரிசிச் சாதத்துல இன்னும் கவனம் வேணும்: அதுல வர்ற ஒரு வகைக் கிருமி விடுற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

குளிர்ப்பைக்குத் தனியா ஐஸ் கட்டி வாங்க வேண்டாம். குடிக்கிற தண்ணி பாட்டிலையே முந்தின ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க. முழுசா நிரப்பாதீங்க; தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அதனால மேல பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே இடம் விட்டு மூடுங்க, இல்லேன்னா பாட்டில் வெடிச்சுடும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். அதே ஒரு கிலோ பச்சத்தண்ணி 0-லேர்ந்து 10 டிகிரிக்குச் சூடாகும்போது இழுக்கிறது சுமார் 42 கிலோஜூல்தான். அதனால வெறும் குளிர்ந்த தண்ணி பாட்டில் போட்டா வேலைக்கு ஆகாது, உறைஞ்சிருக்கணும். சின்னச் சின்னக் கட்டியைவிட ஒரே பெரிய கட்டி மெதுவா உருகும்.

அடுக்கிற முறை: சாப்பாட்டு டப்பாவை ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல குளிர வச்சு எடுங்க. சூடான டப்பாவைக் குளிர்ப்பைக்குள்ள வச்சா ஐஸ் எல்லாம் அதைக் குளிர வைக்கவே செலவாயிடும். டப்பா கீழே, உறைஞ்ச பாட்டில் மேலே, ஏன்னா குளிர்ந்த காத்து கீழ இறங்கும். இடுக்கு இல்லாம ஒரு துண்டைத் திணிச்சுடுங்க. அடிக்கடி எடுக்கிற தண்ணியையும் நொறுக்குத்தீனியையும் வேற பையில வைங்க, அப்பதான் குளிர்ப்பையை ஒரே தடவை திறந்தா போதும்.

ஒரு பெரிய டப்பாவுக்குப் பதில் ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனியா மூணு மூணு சின்ன டப்பா போடுங்க. போய்ச் சேர்ந்ததும் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, திரும்பும்போது வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு. கடையைப் பார்த்ததும் கேட்கிறது பாதி நேரம் பசியால. கடை இருக்கிற தெருவுக்கு முன்னாடியே முதல் டப்பாவைத் திறந்துடுங்க. அரை நாளுக்கு ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணி, வெயில்னா இன்னும் கூட. உள்ளே சாப்பாடு எடுத்துப் போக அனுமதி உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. பெரியவங்க சாப்பாட்டைத் தடுக்கிற இடத்துலகூடக் குழந்தை சாப்பாட்டை விடுவாங்க பல இடத்துல.

வெள்ளைக்கோட்டு:

தூக்குவாளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெளியில் போகும்போது மூச்சுக்குழாயில் உணவு அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடும், ஏனென்றால் பிள்ளைகள் ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சாப்பிடுவார்கள். திராட்சையை முழுசாகவோ குறுக்கே வெட்டியோ கொடுக்காதீர்கள். குறுக்கே வெட்டினாலும் வட்டமாகத்தான் இருக்கும், அது குழந்தையின் மூச்சுக்குழாயைச் சரியாக அடைத்துவிடும். காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். முழுப் பருப்பு, கொட்டை வகைகள் 5 வயது வரை வேண்டாம். பச்சைக் கேரட்டைத் துருவிக் கொடுக்கலாம், துண்டாக வேண்டாம். சாப்பிடுவது என்றால் உட்கார்ந்து மட்டும். ஓடும் வண்டியிலும் ஊஞ்சலிலும் கூடாது.

வெடித்த பலூனின் துண்டுகளை உடனே பொறுக்கிப் பையில் போடுங்கள். மெல்லிய ரப்பர் தொண்டையில் படிந்தால் எடுப்பது மிகக் கடினம்.

ஓதக்கணக்கு:

கடற்கரை எளிதில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு: நேரம் பார்த்துப் போனால் அதைப் போல இலவசமான இடம் வேறு இல்லை. சும்மா போனால் அலை மட்டும். நீர் வற்றும் நேரத்தில் போனால் ஈர மணல் வெளி, பாறைக் குழிகளில் தேங்கிய நீர், அதில் நண்டு, நத்தை, குட்டி மீன் எல்லாம் கிடைக்கும்.

பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி. ஆகவே வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகமாக வற்றும், அதே அளவு வேகமாக ஏறவும் செய்யும். நிலவின் கணக்கு ஏறக்குறைய 15 நாளுக்கு ஒருமுறை திரும்புவதால், இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வற்றுகிறது என்றால் இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமையும் ஏறக்குறைய அதே பொழுதுதான். நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். ஆனால் நாளுக்கு ஒரே ஏற்றம் வரும் கரைகளும், ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாத கரைகளும் உண்டு. உங்கள் கரைக்கான அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன் போய், நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பாறைப் பக்கம் போகும்போது எப்போதும் கரைக்குத் திரும்பும் வழி எது, அது முதலில் மூழ்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே பக்கம் படும்படி மெதுவாகத் திருப்பி வைக்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்லின் அடியில் ஒட்டி வாழ்வதெல்லாம் வெயில் பட்டால் செத்துப்போகும்.

நீரில் எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை. 5 செ.மீ. நீரில்கூட ஒன்றரை வயதுக் குழந்தை முகம் குப்புற விழுந்தால் மூழ்கிவிடும், சத்தமும் வராது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர் இருந்தால் "இப்ப நீ பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை மாற்றுங்கள். இரண்டு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. காற்றடைத்த வளையமும் கை மிதவையும் விளையாட்டுப் பொருள்கள், பாதுகாப்புக் கருவிகள் அல்ல. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகவும் கருப்பாகவும் தெரியும் இடம் குளிக்க ஏற்றது போலத் தோன்றும். அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்.

மணல் விளையாட்டுக்குப் பொம்மைச் செட் வேண்டாம். சமையலறைச் சல்லடை, பெரிய கரண்டி, காலி டப்பா இரண்டு போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது: அந்த ஈரம்தான் வீடு கட்ட ஏற்ற பதம். மணல் துகள்களை ஒட்ட வைப்பது அவற்றுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம். நீர் அதிகமானால் அந்தப் பிடி விட்டுப்போகும். பள்ளம் தோண்டினால் பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள், போகும்போது மூடிவிடுங்கள். ஆழமான மணல் குழி சரிந்து ஆளை மூடிவிடும்.

கிளம்பும்போது காலில் ஒட்டிய மணலை நீரில் கழுவாதீர்கள், செருப்புப் போட்டதும் மறுபடி ஒட்டும். கால் நன்றாகக் காய்ந்தபின் கொஞ்சம் சோளமாவைத் தூவித் தேய்த்தால் ஈரத்தை மாவு இழுத்துக்கொண்டு மணல் உதிர்ந்துவிடும். மாவை முகத்துக்குப் பக்கத்தில் தட்டாதீர்கள்.

ரயில்ஜன்னல்:

போற இடத்தைப் பத்தியே பேசுறோம். 4 வயசுக்குப் பஸ்ஸும் ரயிலுமே போற இடம்தாங்க! கூட்டமில்லாத நேரத்துல ஒரு பஸ்ஸுல ஏறி முன் சீட்ல உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸுல திரும்புங்க. அதுக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. ரயில் நிலைய மேம்பாலத்துல தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு வண்டி எண்ணுறது, கட்டுமான இடத்துல வேலிக்கு வெளியே நின்னு கிரேன் பாக்கிறது, தீயணைப்பு நிலையத்துல முன்னாடியே கேட்டுட்டுப் போய் வண்டியைப் பாக்கிறது, எல்லாமே காசில்லாத ஒரு மணி நேரம். மேம்பாலத்துல பிள்ளை கையை விடக் கூடாது, தடுப்புக் கம்பி மேல ஏத்தி நிறுத்தவும் கூடாது.

வாந்தி வர்ற பிள்ளைகளுக்கு: 2 வயசுக்குக் கீழ இது அபூர்வம், அதுக்கப்புறம் 12 வயசு வரைக்கும் அதிகம். உள்காது "ஆடுறோம்"னு சொல்லும், கண்ணு படப் புத்தகத்தையோ போனையோ பாத்துக்கிட்டு "ஆடலை"ன்னு சொல்லும். அந்த முரண்பாட்டுலதான் குமட்டல் வருது. அதனால வண்டியில புத்தகம், போன் வேண்டாம், தூரத்துல தெரியறதைக் காட்டிப் பேசுங்க. பின் சக்கரத்துக்கு மேலயும் கடைசி வரிசையிலயும் உட்காராதீங்க, அங்கதான் குலுக்கல் அதிகம். வெறும் வயிறும் ஆகாது, நிறைஞ்ச வயிறும் ஆகாது. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி லேசா ஏதாவது. கொட்டாவி மேல கொட்டாவி, முகம் வெளுக்கிறது, திடீர்னு அமைதியாகிறது, இதெல்லாம் முன்னறிகுறி. வாய் கட்டுற கவர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும், பையோட அடியில வேண்டாம்.

தள்ளுவண்டியா, சுமக்கிற பையான்னா: படிக்கட்டும் பஸ்ஸும் அதிகம்னா சுமக்கிற பை. நிழலும் சமதரையும் உள்ள பூங்கான்னா தள்ளுவண்டி, சின்னது அதுலயே தூங்கும், பெரியவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும். தள்ளுவண்டி கைப்பிடியில கனமான பையை மாட்டாதீங்க. குழந்தையைத் தூக்கினதும் வண்டி பின்னால சாயும். இன்னும் மோசம், குழந்தை உள்ளே இருக்கும்போதே சாயும். கனம் எப்பவும் கீழ் வலையில.

மஞ்சள்குடை:

விளையாட்டுத் திடல் பத்தி ஒரு கேள்வி. ஒன்றரை வயசைத் தனியா சறுக்குமரத்துல விட முடியாது. மடியில வச்சுச் சறுக்கலாம்ல?

வெள்ளைக்கோட்டு:

கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் பெற்றோர் செய்யும் இந்தக் காரியத்தால்தான் சின்னக் குழந்தைகளின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிகிறது. நடப்பது இதுதான்: குழந்தையின் செருப்பின் ரப்பர் அடி சறுக்கின் பக்கச்சுவரில் ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும். தனியாக இருந்தால் அதன் எடைக்கு அது அங்கேயே நின்றுவிடும். மடியில் இருக்கும்போது பின்னால் 60–70 கிலோ எடை தள்ளிக்கொண்டே வருகிறது, கால் மாட்டிய இடத்திலேயே முறுக்கிக்கொள்கிறது. வேகம் அதிகம் தேவையில்லை, எடையே போதும்.

அதற்குப் பதில் குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற குட்டைச் சறுக்கைத் தேடுங்கள். பக்கத்தில் நின்றபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி உயரத்திலிருந்து உட்கார வைத்துச் சறுக்க விடுங்கள்.

உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையைப் பலகையில் 5 நொடி வைத்துப் பாருங்கள்; உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் குழந்தையின் தொடை வெந்துவிடும். உலோகம் மட்டுமில்லை, வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் கருப்பு ரப்பர் தரையும் சுடும். கழுத்தில் கயிறு தொங்கும் சட்டை, மாலை, சைக்கிள் தலைக்கவசம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏற விடுங்கள். ஏணி இடுக்கில் மாட்டினால் கழுத்து இறுகும்.

நிழல்மரம்:

வெயில் பற்றி: கருவி வேண்டாம், குழந்தையின் நிழலைப் பாருங்கள். நிழல் குழந்தையைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேல் வந்துவிட்டது, திறந்த வெளியிலிருந்து மரத்தடிக்குப் போகும் நேரம். அகல விளிம்புத் தொப்பி, கையை மூடும் லேசான பருத்திச் சட்டை இரண்டும் களிம்பைவிட மலிவு, துடைத்தாலும் போகாது. களிம்பு பூசுவதாக இருந்தால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே போவதற்கு 15–20 நிமிடம் முன், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. கொசு விரட்டியும் பூசினால் வெயில் களிம்பு முதலில், விரட்டி அதற்கு மேல். குழந்தையின் உள்ளங்கையில் விரட்டி படக் கூடாது, அது நேரே வாய்க்குப் போகும்.

தள்ளுவண்டியைத் துணியால் முழுக்க மூடாதீர்கள். நிழல் தருவது போல இருக்கும், உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். ஒரு பக்கம் மட்டும் துணி, மறுபக்கம் திறந்தே இருக்கட்டும்.

இடி: மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே நொடிகளை எண்ணுங்கள். 3 நொடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30-க்குள் வந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். இடியில்லாத வெறும் மழை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், மாற்று உடை இருந்தால் போதும்.

சிறுநடை:

கூட்டத்தில் தொலைஞ்சிட்டா? பெரியவன் ஓட ஆரம்பிச்சா நிக்க மாட்டான், சின்னது கையில இருக்கும்.

கணக்குப்பேனா:

காலையில் கிளம்பும்போதே இரண்டு பிள்ளைகளையும் தலை முதல் கால் வரை ஒரு போட்டோ எடுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பதே நினைவுக்கு வராது. போட்டோ இருந்தால் காவலரிடம் நேரே காட்டலாம். கை மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதி மேலே ஒளிபுகும் ஒட்டு நாடாவை ஒட்டுங்கள், வியர்வையில் அழியாது. பெயரைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை அந்நியரையும் தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

4 வயதுக்குச் சொல்லித்தர வேண்டியது மூன்றுதான்: அப்பா அம்மாவைக் காணோம் என்றால் அங்கேயே நில், பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு, யாரும் வரவில்லை என்றால் சீருடை போட்டவரிடமோ குழந்தையோடு இருக்கும் அம்மாவிடமோ சொல். உங்கள் முழுப் பெயரைப் பிள்ளைக்குத் தெரிய வையுங்கள், "அம்மா" என்று மட்டும் சொன்னால் அறிவிக்க முடியாது. காணவில்லை என்று தெரிந்த அந்த நொடியே முதலில் தண்ணீர் இருக்கும் பக்கத்தையும் சாலையையும் பாருங்கள். அமைதியாகத் தேடாதீர்கள். "நீலச் சட்டை, 4 வயசுப் பையன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தேடினால் சுற்றி நிற்பவர்களின் கண்ணும் தேடும்.

ரயில்ஜன்னல்:

கழிப்பறையை விட்டுட்டோம். போனதும் முதல்ல அது எங்கேன்னு பாத்து வைங்க, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்காமலே கூட்டிப் போங்க. தானா தண்ணி ஊத்துற கழிப்பறையில அந்தச் சத்தத்துக்குப் பயந்து சில பிள்ளைகள் அடுத்த தடவை உட்காரவே மாட்டேன்னு அடம் பிடிக்கும். குழந்தை சின்னதா இருக்கிறதால சென்சார் ஆள் இல்லைன்னு நினைச்சு நடுவுலயே ஊத்திடும். ஒரு துண்டுக் காகிதத்தை அந்தக் கருப்புக் கண்ணு மேல ஒட்டி வைங்க, எழுந்து ஆடை போட்டு வெளியே வந்ததும் எடுத்துடுங்க.

மாத்து உடை: சின்னதுக்கு ரெண்டு, பெரியவனுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒரு மேல்சட்டை. ஒவ்வொரு செட்டையும் தனிக் கவர்ல மடிச்சு வைங்க, ஈரத்துணி அதே கவருக்குள்ள போயிடும்.

நிழல்மரம்:

மாலை நேரத்துக்கு ஒன்று, செலவே இல்லாதது: வளர்பிறை அரைநிலவு நாள். அன்று நிலவு மதியம் உதித்து நள்ளிரவில் மறையும், ஆகவே இருட்டத் தொடங்கும்போதே உயரத்தில் இருக்கும், பிள்ளைகள் விழித்திருக்க வேண்டியதில்லை. வெளிச்சமும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுவதால் சாதாரண இருகண் நோக்கியிலேயே குழிகள் தெரியும். பௌர்ணமியன்று நிழல் விழாததால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். சூரியன் முழுக்க மறைந்த பின்புதான் நோக்கியைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

சிறுநடை:

கடைசியா ஒண்ணு. எங்கே போனாலும் கிளம்பும்போது ரகளைதான். அதைச் சமாளிக்கத்தான் பாதி நாள் ஏதாவது வாங்கித் தர்றது.

தூக்குவாளி:

"இன்னும் அஞ்சு நிமிஷம்"னு சொன்னா 4 வயசுக்குப் புரியாது, எண்ணிக்கை புரியும். "இன்னும் மூணு தடவை சறுக்கு"ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு தடவையும் கூடவே எண்ணுங்க. மூணாவது முடிஞ்சதும் நாலாவது கொடுக்காதீங்க, ஒரு தடவை கொடுத்தா அடுத்த வாரம் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்காது. அந்த மூணு எண்ணுறதுக்கு முன்னாடியே பையை மூடி, சின்னதைத் தூக்கி, எல்லாம் தயாரா இருக்கணும். எண்ணி முடிச்சப்புறம் நீங்க பத்து நிமிஷம் செருப்பு தேடினா பிள்ளை மறுபடி ஓடிடும். பெரியவனுக்கு ஒரு வேலை கொடுங்க: பஸ் எண்ணைப் பாத்துச் சொல்றது, டிக்கெட்டைப் பிடிச்சுக்கிறது. மூணாவது டப்பா நிறுத்தத்துல உட்கார்ந்ததும் திறக்கிறதுக்குன்னு சொல்லி வைங்க, வாசல்ல வேண்டாம். வாசல்ல கொடுத்தா அங்கேயே உட்கார்ந்துடும்.